இந்த இரண்டு பெயரும் ஒன்றுதானா?

'தொகை' என்ற சொல் கணினிக்குள் இரண்டு விதமாக இருக்கலாம். த, கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறி, க, சங்கிலிக் கொம்பு என்று நான்கு எண்களாக இருப்பது ஒரு விதம். அந்த ஒகரக் குறியையே கொம்பு தனி, கால் தனி என்று பிரித்து ஐந்து எண்களாக வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒரே 'தொகை'தான். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

எங்கள் கல்லூரி லேபில் ஒரு மாணவி ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய வட்டிக் கணக்கில் இந்த இரண்டும் கலந்துவிட்டன. மேலே உள்ள வரிகளை அவளே தட்டச்சு செய்திருந்தாள். நடுவில் சில வரிகளைப் பழைய எழுத்துருவில் கிடந்த ஒரு கோப்பிலிருந்து, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் தரத்துக்கு மாற்றி ஒட்டியிருந்தாள். மாற்றித் தந்த கருவி கொம்பையும் காலையும் பிரித்தே விட்டிருந்தது. ஓட்டிப் பார்த்தால், 'தொகை' என்ற பெயரே அறிவிக்கப்படவில்லை என்று பிழைச் செய்தி வந்தது. "மேடம், மேலேயே எழுதியிருக்கேனே, இதோ பாருங்க" என்று திரையைத் தொட்டுக் காட்டினாள். அவள் சொன்னது சரி. ஜாவாஸ்கிரிப்ட் தன் விதிப்படி சொன்னதும் சரி. இதே கணக்கைப் பைத்தானில் எழுதியிருந்தால் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியிருக்கும்.

புரோகிராம் எழுதுபவர் தனக்கு வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கிறார்: தொகை, வட்டி, மாதம், மீதி. அந்தப் புரோகிராமைப் படித்து, கணினி செய்யக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அதன் முதல் பகுதிக்கு லெக்சர் என்று பெயர். வரிசையாக வரும் எழுத்துகளை இது எண், இது கூட்டல் குறி, இது பெயர் என்று வெட்டிக் கொடுப்பது அதன் வேலை. வெட்டிய பெயர்கள் சிம்பல் டேபிள் என்ற பட்டியலுக்குப் போகும். ஒவ்வொரு பெயர் வரும்போதும் அங்கே எழும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா?

நான் கம்பைலர் பாடம் நடத்துகிறவள். வகுப்பில் இந்த இடத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். பெயர் என்பது ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கி, எழுத்தும் எண்ணுமாகத் தொடரும் என்று பலகையில் ஒரு வரி எழுதினால் போதும், தேர்வில் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் எந்த எழுத்துகள் ஒரு பெயருக்குள் வரலாம், எந்த இரண்டு பெயர்கள் ஒன்று என்ற இந்த இரண்டு முடிவுகளும் சேர்ந்துதான் யார் தன் தாய்மொழியில் புரோகிராம் எழுத முடியும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அதனால் இதைப் பற்றிப் பொறியாளர்கள் மட்டும் பேசிக்கொண்டால் போதாது என்று நினைக்கிறேன்.

ஆறெழுத்துக் காலம்

1957-ல் ஜான் பாக்கஸ் தலைமையிலான குழு ஐபிஎம் 704 கணினிக்காக ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அதில் ஒரு பெயர் அதிகபட்சம் ஆறு எழுத்துதான் இருக்கலாம். அந்தக் கணினி நினைவகத்தில் ஒரு தடவையில் எடுத்தாளும் அளவு 36 பிட். அன்று ஓர் எழுத்துக்கு 6 பிட் ஒதுக்கினார்கள். 36-ஐ 6-ஆல் வகுத்தால் ஆறு. ஒரு பெயர் ஓர் இடத்தில் அடங்கிவிடும். இரண்டு பெயர்கள் ஒன்றா என்று பார்க்க ஒரே ஒப்பீடு போதும். பிட் ஆறே இருந்ததால் 64 குறியீடுகளுக்கு மேல் வழியில்லை. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள், எண்கள், சில குறிகள் என்று அவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. சிறிய எழுத்துகளுக்கு இடமே இல்லை. எல்லாமே கேப்பிட்டல் என்பதால் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்ற கேள்வியும் அன்று எழவில்லை.

1963-ல் வந்த ஆஸ்கி தரம் 7 பிட் கொண்டது, மொத்தம் 128 இடங்கள். முதல் பதிப்பில் சிறிய எழுத்துகள் இல்லை. 1967 திருத்தத்தில்தான் அவை உள்ளே வந்தன. அவற்றுக்கு இடம் ஒதுக்கியவர்கள் அழகான ஒரு வேலை செய்தார்கள். பெரிய 'ஏ' 65, சிறிய 'ஏ' 97. பெரிய 'பி' 66, சிறிய 'பி' 98. இசட் வரை எந்த இணையை எடுத்தாலும் வித்தியாசம் 32. இரும எண்ணில் 32 என்பது ஒரே ஒரு பிட். அந்த ஒரு பிட்டை மாற்றினால் பெரியது சிறியதாகும், சிறியது பெரியதாகும். இரண்டையும் ஒன்றாகப் பாவிக்க நினைக்கும் கம்பைலருக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

அதே ஐபிஎம் 1964-ல் அறிவித்த சிஸ்டம் 360 கணினிகளில் எப்சிடிக் என்ற வேறு முறை இருந்தது. அதில் எழுத்துகள் தொடர்ச்சியாக இல்லை. பெரிய 'ஐ' 201-ல் முடியும், அடுத்த 'ஜே' 209-ல் தொடங்கும். 'ஆர்' 217, 'எஸ்' 226. அந்த இடைவெளிகளில் வேறு குறிகள் உட்கார்ந்திருக்கும். பரவலாகப் பயன்பட்ட எப்சிடிக் அட்டவணையில் 208 என்பது மூடும் நெளிவு அடைப்புக்குறி. 'ஏ-யிலிருந்து இசட் வரைக்குள் இருந்தால் எழுத்து' என்று ஆஸ்கி பழக்கத்தில் எழுதிய லெக்சர், அந்தக் கணினியில் அடைப்புக்குறியையும் எழுத்து என்று எடுத்துக்கொண்டு பெயரோடு ஒட்டிவிடும். ஒரு கணினியின் எழுத்து அட்டவணையை உலகத்தின் இயற்கை என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மாணவர்களிடம் நான் முதலில் காட்டும் உதாரணம் இது.

பெரியதும் சிறியதும்

இரண்டு வகை எழுத்தும் வந்த பிறகு மொழி வடிவமைப்பாளர்கள் இரண்டு அணியானார்கள். சி மொழியும் அதற்குப் பின் வந்த ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் போன்றவையும் பெரிய எழுத்தில் தொடங்கும் 'டோட்டல்' வேறு, முழுக்கச் சிறிய எழுத்தில் உள்ள 'டோட்டல்' வேறு என்றன. பாஸ்கல், அடா, எஸ்கியூஎல் போன்றவை இரண்டும் ஒன்றே என்றன.

இரு பக்கமும் நியாயம் உண்டு. வாயால் சொல்லும்போது ஒன்றாகவே ஒலிக்கும் இரண்டு பெயர்கள் ஒரே புரோகிராமில் வேறு வேறு பொருளில் வந்தால் படிப்பவர் குழம்புவார். இது பாஸ்கல் பக்கத்து வாதம். இருக்கிறபடியே எண்ணோடு எண் ஒப்பிடுவது எளிது, எந்த மொழி எழுத்து வந்தாலும் விதி மாறாது. இது சி பக்கத்து வாதம். ஆங்கிலம் மட்டும் இருந்தவரை இந்த விவாதம் ரசனை சார்ந்ததாகவே இருந்தது. உலக மொழிகள் உள்ளே வந்தபோதுதான் உண்மையான சோதனை தொடங்கியது.

1928-ல் லத்தீன் எழுத்துக்கு மாறிய துருக்கி மொழியை எடுத்துக்கொள்வோம். அதில் 'ஐ' போன்ற எழுத்து இரண்டு உண்டு. ஒன்றுக்கு மேலே புள்ளி உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. புள்ளி உள்ளதன் பெரிய எழுத்துக்கும் புள்ளி உண்டு. புள்ளி இல்லாததன் பெரிய எழுத்து, நாம் அறிந்த ஆங்கிலப் பெரிய 'ஐ' போலவே இருக்கும். ஆகவே பெரிய 'ஐ'யைச் சிறியதாக்கு என்றால் ஆங்கிலத்தில் ஒரு விடை, துருக்கியில் வேறு விடை.

பிஹெச்பி மொழியில் வேரியபிள் பெயர்களுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு; ஃபங்ஷன், கிளாஸ் பெயர்களுக்குக் கிடையாது. அந்தப் பெயர்களை எல்லாம் சிறிய எழுத்தாக்கித்தான் பட்டியலில் தேடும். சிறிய எழுத்தாக்கும் வேலையை அது சர்வரின் மொழி அமைப்பை வைத்துச் செய்துவந்தது. சர்வர் துருக்கி அமைப்பில் இருந்தால், பெரிய 'ஐ' உள்ள கிளாஸ் பெயர் வழக்கமான சிறிய எழுத்தாக மாறாது. பட்டியலில் கிளாஸ் இல்லை என்று புரோகிராம் நின்றுவிடும். பெர்லினில் ஓடும் புரோகிராம் இஸ்தான்புல்லில் ஓடாது. 2002-ல் பதிவான இந்தப் பக் 2013-ல் வந்த 5.5 பதிப்பில்தான் தீர்ந்தது.

ஜெர்மன் மொழியில் எஸ்ஸெட் என்றொரு எழுத்து உண்டு. அதைப் பெரிய எழுத்தில் எழுத இரண்டு 'எஸ்' போடுவது வழக்கம். ஓரெழுத்து இரண்டாகிறது, திரும்பச் சிறியதாக்கினால் பழைய எழுத்து வராது, இரண்டு சிறிய 'எஸ்' வரும். அதற்கென்று தனிப் பெரிய எழுத்தை ஜெர்மன் எழுத்துமுறை ஏற்றதே 2017-ல்தான். கிரேக்கத்தில் சிக்மாவுக்குச் சொல்லின் நடுவில் ஒரு வடிவம், கடைசியில் வேறு வடிவம். பெரிய எழுத்தோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதற்கு யூனிகோட் தரும் தீர்வு, ஒப்பிடுவதற்கென்றே தயாரித்த ஓர் அட்டவணை. எந்த ஊரில், எந்த அமைப்பில் ஓடினாலும் அதன் விடை மாறாது. அடா மொழி 2005-ல் யூனிகோட் எழுத்துகளைப் பெயர்களில் ஏற்றபோதும் தன் பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை. பெரியதையும் சிறியதையும் ஒன்றாகவே பார்க்கும், ஆனால் ஊர் அமைப்பைக் கேட்காது என்று தரத்திலேயே எழுதிக்கொண்டது. கம்பைலர் எழுதும் எவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய விதி இது: ஒரு பெயர் இன்னொரு பெயருக்குச் சமமா என்பதற்கு உலகம் முழுக்க ஒரே விடை இருக்க வேண்டும்.

எங்கள் மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு வாசல் வழியாக வருகிறது. விண்டோஸ் லேப்டாப்பில் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வழக்கமாக ஒன்றுதான். லினக்ஸில் வேறு வேறு. கோப்புக்குப் பெரிய எழுத்தில் பெயர் வைத்துவிட்டு, புரோகிராமுக்குள் அதைச் சிறிய எழுத்தில் அழைத்திருப்பார்கள். வீட்டில் ஓடியது, புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாளில் லினக்ஸ் சர்வரில் ஏற்றினால் கோப்பைக் காணோம் என்னும். கோப்புப் பெயர் முழுவதையும் சிறிய எழுத்திலேயே வைத்துக்கொள்வது என்று முதல் செமஸ்டரிலேயே பழகிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

உயிர்மெய்க்கு இடம் உண்டா?

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. அந்த வகையில் மேலே சொன்ன வம்பு எதுவும் நமக்கு இல்லை. நம் சிக்கல் தொடங்குவது 'எது எழுத்து' என்ற இடத்தில்.

யூனிகோடின் முதல் பதிப்பு 1991-ல் வந்தது. தமிழுக்கு அதில் 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி. இந்திய அரசின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி அமைத்ததால், 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் இல்லை. உயிரெழுத்துகளுக்கு எண் உண்டு. க, ங, ச போன்ற அகரமேறிய மெய்களுக்கு எண் உண்டு. கால், கொம்பு, சுழி, புள்ளி ஆகியவற்றுக்குத் தனி எண்கள். 'அம்மா' என்பது அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து எண்கள். இதில் அ-வும் ம-வும் யூனிகோட் கணக்கில் 'எழுத்து'. புள்ளியும் காலும் 'சேர்க்கைக் குறி'.

தமிழ் படித்த யாருக்கும் 'மா' ஓர் எழுத்துதான். ஆனால் 'பெயரில் எழுத்தும் எண்ணும் வரலாம்' என்று ஒரு மொழி வடிவமைப்பாளர் விதி எழுதி, யூனிகோட் எதை எழுத்து என்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டால், 'மா'வின் கால் வெளியே நிற்கும்.

கூகுளில் உருவாகி 2009-ல் வெளிவந்த கோ மொழியில் நடந்தது அதுதான். அதன் விதிப்படி பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே வரலாம். சேர்க்கைக் குறிகள் வரக்கூடாது. கோ மொழியில் 'பல' என்று ஒரு பெயர் வைக்கலாம், ஏனென்றால் இரண்டும் வெறும் அகர எழுத்துகள். 'ஒன்று' என்று வைக்க முடியாது, அதில் புள்ளியும் உகரக் குறியும் இருக்கின்றன. 'அம்மா', 'மரம்', 'வட்டி', 'மீதி' எதுவும் முடியாது. புள்ளியோ கொம்போ காலோ சுழியோ இல்லாத தமிழ்ச் சொற்கள் எத்தனை இருக்கின்றன என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள், இந்த விதியின் எடை புரியும். தேவநாகரியில் எழுதும் இந்திக்கும் இதே நிலைதான்.

அந்த 'பல'வுக்கும் இன்னொரு தடை உண்டு. கோ மொழியில் ஒரு பெயரை மற்ற கோப்புத் தொகுப்புகளும் பயன்படுத்த வேண்டுமானால் அது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். பெரிய எழுத்தே இல்லாத மொழியில் இந்த விதியை நிறைவேற்ற வழியில்லை. தமிழ்ப் பெயரின் முன்னால் ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்தை ஒட்டிக்கொள்வதுதான் இன்றைய வழி.

கோ மொழியை உருவாக்கிய மூவரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-ல் யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையை வடிவமைத்தவர்கள். இன்று இணையத்தில் தமிழ் ஓடுவதே பெரும்பாலும் அந்த முறையில்தான். உலக மொழிகளுக்கு அவ்வளவு பெரிய கதவைத் திறந்தவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. சேர்க்கைக் குறிகளை விலக்கியதற்கும் காரணம் உண்டு: அவற்றை உள்ளே விட்டால் நான்கு எண் 'தொகை'யும் ஐந்து எண் 'தொகை'யும் ஒன்றா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த விதி சில மொழிகளை விலக்குகிறது, மேம்படுத்தப்பட வேண்டியது என்று கோ குழுவே தன் கேள்வி-பதில் பக்கத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

பதில் ஏற்கெனவே இருக்கிறது. யூனிகோடின் 31-ஆம் இணைப்பு, பெயர்களுக்கென்றே எழுதப்பட்டது. ஒரு பெயரைத் தொடங்கக்கூடியவை ஒரு பட்டியல், தொடரக்கூடியவை இன்னொரு பட்டியல். கால், கொம்பு, புள்ளி எல்லாம் இரண்டாவது பட்டியலில் இருக்கின்றன. ஒரு பெயர் காலில் தொடங்க முடியாது, ஆனால் 'மா' என்று தொடரலாம். நம் எழுத்துமுறைக்கும் அதுதான் சரி. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 இந்த வழியைப் பின்பற்றியது. ரஸ்ட் மொழி 2021-ல் ஏற்றது. சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளின் சி23, சி++23 தரங்களும் இதையே பின்பற்றுகின்றன. ஜாவா 1996-ல் முதல் பதிப்பிலிருந்தே யூனிகோட் பெயர்களை ஏற்கிறது.

தமிழக அரசு 2010-ல் யூனிகோடோடு டேஸ்-16 என்ற முறையையும் ஏற்றது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு, சேர்க்கைச் சிக்கலே இல்லை. ஆனால் அந்த எண்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருக்கின்றன. எதற்கு வேண்டுமானாலும் யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்ட பகுதி என்பதால், 31-ஆம் இணைப்பு அதைப் பெயர்களில் அனுமதிப்பதில்லை. கம்பைலர்களைப் பொறுத்தவரை நம் வழி யூனிகோட் வழிதான்.

ஒன்றுபோல் இருப்பவை

குறிகளை உள்ளே விட்ட பிறகு அடுத்த வேலை, ஒரே சொல்லின் பல வடிவங்களை ஒன்றாக்குவது. யூனிகோட் இதற்கு இயல்பாக்கம் என்ற முறையைத் தருகிறது. கொம்பு 3014, கால் 3006. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஒகரக் குறியான 3018 என்ற ஒரே எண்ணாக மாற்றிவிடு என்பது அதன் ஒரு விதி. பைத்தானும் ரஸ்ட்டும் பெயர்களைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் இதைச் செய்கின்றன. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் செய்வதில்லை. என் மாணவியின் கணக்கு ஒன்றில் ஓடி, இன்னொன்றில் ஓடாமல் போனதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இயல்பாக்கம் எல்லாவற்றையும் தீர்க்காது. 'கௌரி', 'கெளரி' என்ற இரண்டையும் பாருங்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் கொம்பு போட்ட 'கெ', பிறகு 'ள' என்ற மெய்யின் அகர வடிவம். பலர் இரண்டாவதையே தட்டச்சு செய்கிறார்கள், படிப்பவர்களும் கௌரி என்றே படிக்கிறார்கள். கணினிக்கு இவை இரண்டு வேறு சொற்கள். இயல்பாக்கம் இவற்றைத் தொடாது. 'ஸ்ரீ'யும் அப்படித்தான். ஸ என்ற 3000-ஆம் எண்ணில் தொடங்கியும் எழுதலாம், 2005-ல் சேர்ந்த ஶ என்ற 2998-ஆம் எண்ணில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம்.

தமிழ் எண்கள் இன்னும் நுட்பமானவை. ௧ என்பது ஒன்று, அதன் எண் 3047. க என்ற எழுத்தின் எண் 2965. ௨-வும் உ-வும், ௪-வும் ச-வும், ௭-வும் எ-வும், ௮-வும் அ-வும் அதேபோலத்தான். பைத்தானில் 'மதிப்பு௧' என்றும் 'மதிப்புக' என்றும் இரண்டு பெயர்கள் வைக்கலாம், இரண்டும் வேறு வேறு. புரோகிராமைச் சரிபார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பிவிடும்.

இதை வைத்துத் தீங்கும் செய்யலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிகோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் 2021 நவம்பரில் 'ட்ரோஜன் சோர்ஸ்' என்ற ஆய்வை வெளியிட்டார்கள். வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான, கண்ணுக்குத் தெரியாத குறிகளைப் புரோகிராமுக்குள் நுழைத்தால், மனிதர் படிப்பது ஒன்றும் கம்பைலர் படிப்பது வேறொன்றுமாக ஆக்கிவிடலாம் என்று காட்டினார்கள். ஆங்கில 'ஹெச்' போலவே தோன்றும் ரஷ்ய எழுத்தைப் போட்டு, நம்பகமான ஃபங்ஷன் ஒன்றின் பெயரிலேயே போலி ஒன்றை உருவாக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

இந்த ஆபத்தைக் காட்டி, பெயர்களை ஆங்கிலத்தோடு நிறுத்திவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பூஜ்யமும் 'ஓ' எழுத்தும், ஒன்றும் சிறிய 'எல்' எழுத்தும் ஆங்கிலத்திலேயே காலங்காலமாகக் குழப்புகின்றன. அதற்காக யாரும் அந்த எழுத்துகளைத் தடை செய்யவில்லை. ரஸ்ட் காட்டிய வழி நல்ல வழி. ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளின் பட்டியலை யூனிகோட் வெளியிட்டிருக்கிறது. அதை வைத்து, ஒரே புரோகிராமில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பெயர்கள் வந்தால் கம்பைலரே எச்சரிக்கிறது. எழுத்தைத் தடுப்பதில்லை, எழுதியவரை விழிப்பாக்குகிறது.

வெட்டுப்படும் பெயர்கள்

யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று பைட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு பெயர் 63 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கிலத்தில் அது 63 எழுத்து, யாருக்கும் தாராளம். தமிழில் 21 எண்கள்தான். காலும் புள்ளியும் தனித்தனியாக அதில் கணக்கு.

'வாடிக்கையாளர்_தொலைபேசிஎண்' என்று அட்டவணை ஒன்றின் பத்திக்குப் பெயர் வையுங்கள். 24 தமிழ் எண்களும் ஓர் அடிக்கோடும் சேர்ந்து 73 பைட். போஸ்ட்கிரெஸ் அதை 'வாடிக்கையாளர்_தொலைபேச' என்று வெட்டிவிட்டு, வெட்டியதாக ஓர் அறிவிப்பும் தரும். அதே அட்டவணையில் 'வாடிக்கையாளர்_தொலைபேசிகுறிப்பு' என்று இன்னொரு பத்தி வைத்தால் அதுவும் அதே இடத்தில் வெட்டுப்படும். ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது என்று தரவுத்தளம் மறுத்துவிடும். மைஎஸ்கியூஎல் பைட்டுக்குப் பதிலாக எழுத்துகளை எண்ணி 64 என்று வைத்திருப்பதால் அங்கே இந்தப் பெயர்கள் முழுதாக நிற்கும். அளவை எதில் எண்ணுவது என்பதும் மொழி சார்ந்த முடிவுதான்.

நாம் செய்ய வேண்டியவை

உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதும் பொது நூலகங்களில் ஆங்கிலப் பெயர்களே வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. பைத்தான் தமிழ்ப் பெயர்களை அனுமதித்தாலும், தன் சொந்த நூலகத்துக்கு அப்படித்தான் விதி வைத்திருக்கிறது. ஆனால் முதன்முதலாகப் புரோகிராம் கற்கும் குழந்தைக்குப் பெயர் தன் மொழியில் இருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைகளுக்கு விடுமுறை வகுப்பு எடுக்கும்போது நான் கவனிப்பது இதைத்தான். அசல், வட்டி, மாதம் என்று பெயர் வைத்த பிள்ளை கணக்கைப் பற்றி யோசிக்கிறது. ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டி வைத்த பிள்ளை பாதி நேரம் ஸ்பெல்லிங்கைப் பற்றி யோசிக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் கட்டளைச் சொற்களே தமிழ். திரையில் காட்ட 'பதிப்பி' என்று எழுதினால் போதும். அந்த முயற்சிகளுக்கு அடியில் இருக்கும் கம்பைலர் விதிகள் சரியாக இருந்தால்தான் அவை நிலைக்கும்.

தமிழில் பெயர் வைத்துப் புரோகிராம் எழுதுபவர்கள் ஒரு குழுவுக்குள் ஒரே விசைப்பலகை முறையைப் பின்பற்றுங்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய எதையும் இயல்பாக்கம் செய்த பிறகே ஒட்டுங்கள். பெயரின் கடைசியில் எண் வேண்டுமானால் 1, 2 என்றே போடுங்கள். ௧, ௨ வேண்டாம். தரவுத்தளப் பத்திகளுக்குச் சுருக்கமான பெயர் வையுங்கள்.

கம்பைலர், தரவுத்தளம், எடிட்டர் என்று எதை உருவாக்குபவராக இருந்தாலும், உங்கள் சோதனைக் கோப்பில் சில தமிழ்ச் சொற்களைச் சேருங்கள். புள்ளியும் காலும் வரும் 'அம்மா', ஔகாரம் வரும் 'கௌரி', இரண்டு எண்முறை உள்ள 'ஸ்ரீ', 21 எண்களைத் தாண்டும் நீண்ட பெயர் ஒன்று. இந்த நான்கும் ஒழுங்காகக் கடந்தால் இந்திய எழுத்துமுறைகளில் வரும் பெரும்பாலான தவறுகள் தொடக்கத்திலேயே அகப்பட்டுவிடும். நம் பிள்ளைகள் பலர் இன்று இந்த மென்பொருள்களை உருவாக்கும் நிறுவனங்களிலேயே வேலை செய்கிறார்கள். இந்தச் சோதனைகளை எழுத அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

அதை இப்போதே செய்ய வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் ஃபோர்ட்ரானின் அந்த ஆறெழுத்துதான். 704 அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஃபோர்ட்ரான் 77 ஆறெழுத்திலேயே நின்றது. 1990-ஆம் ஆண்டுத் தரத்தில்தான் அது 31 ஆனது. 1989-ல் சி மொழிக்குத் தரம் எழுதியபோதும், கோப்புகளை இணைக்கும் பழைய லிங்கர்கள் ஆறெழுத்துக்கு மேல் தாங்காது, பெரியது சிறியது என்று பார்க்காது என்பதால், வெளியே தெரியும் பெயர்களுக்கு ஆறெழுத்து உத்தரவாதம் மட்டுமே கொடுக்க முடிந்தது. 1999 வரை அது நீடித்தது. பெயர் விதி ஒன்று ஒருமுறை நிலைத்துவிட்டால், அதை எழுதவைத்த இயந்திரம் மறைந்த பிறகும் தலைமுறைகளைக் கட்டிப்போடும். புதிய மொழிகளின் விதிகள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் இந்தக் காலத்திலேயே உயிர்மெய்க்கும் அதில் இடம் வாங்கிவிட வேண்டும்.